வடக்கு கேட்டில் இரண்டு பேர்

மெத்தையைத் தூக்கிப் பார்த்தால் டைரி இருந்தது. ஆனால் அது தஹ்சீனின் டைரி இல்லை. போன வாரம் அந்த இடத்தில்தான் அவளை விட்டுவிட்டு வந்தோம். பாவம், ஏழு நாளாக மெத்தை ஓரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். இனியும் நிற்கவைத்தால் கை விட்டுப்போகும்.

டைரியைப் பிரித்தாள். கப்பல் பெயர்கள், கன்டெய்னர் நம்பர்கள், அண்ணன் அத்னானின் கோழிக்கிறுக்கல்.

"உம்மா, நேத்து கம்ப்யூட்டர் மேசய தொடச்சீங்களே, அங்க ஒரு டைரி இருந்துச்சா, ரெண்டு இருந்துச்சா?"

"ரெண்டு" என்றாள் காத்தூன் பீவி, அடுக்களையிலிருந்து. "ஒன்ன எடுத்து மெத்தைக்கடில சொருவிட்டேன். வாப்பா கண்ல படக்கூடாதுன்னுதான?"

மகளுடையதை ஒளித்துவைப்பதாக நினைத்து மகனுடையதை ஒளித்து வைத்துவிட்டாள். மேசையில் மிச்சமிருந்ததைத் தன்னுடையது என்று அத்னான் காலையில் பைக்குள் போட்டுக்கொண்டு ஆபீஸ் போய்விட்டான். அவளைக் குறை சொல்ல முடியாது. இரண்டுக்கும் ஒரே மெரூன் அட்டை. அத்னான் வேலை பார்க்கும் லிங்கிச் செட்டித் தெரு ஏஜென்சி புது வருஷத்துக்குக் கொடுத்தவை. வீட்டுக்குக் கொண்டுவந்ததுமே இரண்டின் முதல் பக்கத்திலும் தன் பெயரை எழுதிவிட்டுத்தான் ஒன்றைத் தங்கைக்குக் கொடுத்தான். அவன் கொடுப்பது எதுவும் அப்படித்தான்.

அந்த டைரியில் என்ன இருக்கிறது என்று உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும். தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். இருபத்திரண்டு வயது தஹ்சீன், 'கணிப்பொறி நண்பன்' என்ற மாத இதழில் இரண்டு வருஷமாக கம்ப்யூட்டர் விளையாட்டுகளுக்கு விமர்சனம் எழுதுகிறாள். எழுதுவது அவள், அச்சில் வருவது அத்னான் பெயர். ராயபுரம் கல்மண்டபத்தில் இருக்கும் அந்த வீட்டில், பெண் பெயர் அச்சேறுவது கல்யாணப் பத்திரிகையோடு போதும் என்பது வாப்பா அத்தாவுல்லாவின் கட்சி. அத்னான் ஆபீஸ் போனதும் கம்ப்யூட்டர் இவளுடையது. அண்ணனுக்கும் அதில் நஷ்டம் ஒன்றுமில்லை. புத்தகம் வந்ததும் ஆபீஸுக்கு எடுத்துப் போய், "நம்ம எழுதினது வந்துகீது பாரு மாமு" என்று நாலு பேருக்குக் காட்டுவான்.

டைரி, அவள் விளையாடும்போது எடுக்கும் குறிப்புகள். கடைசியாக விளையாடியது 'கிரே ஹார்பர்'. இந்தக் காலத்துப் போர், துப்பாக்கி, பாலைவன நாட்டில் ஒரு துறைமுகம். நாம் ஒரு வெளிநாட்டுச் சிப்பாய். உள்ளே நுழைந்து ஊரைப் பிடிக்க வேண்டும்.

இது எல்லாமே ஒன்றுமில்லாத விஷயம்தான், அத்னானின் வேலை வேறாக இருந்திருந்தால். கப்பலில் வந்த சரக்குக்குச் சுங்கத்தில் காகிதம் காட்டி வெளியே எடுத்துத் தருவது அவன் ஏஜென்சியின் தொழில். தினமும் ஹார்பருக்குள் போய்வர அவனுக்கு ஒரு பாஸ் உண்டு. பாஸ் போனால் வேலை போனது. அதுவும் இது 2009 பிப்ரவரி. பம்பாயில் கடல் வழியாக வந்தவர்கள் சுட்டுத்தள்ளி மூன்று மாதம்கூட ஆகவில்லை. அதிலிருந்து கேட்டில் சாப்பாட்டு டப்பாவைக்கூடத் திறந்து பார்க்கிறார்கள்.

பதினோரு மணிக்கு ஃபோன் அடித்தது.

"அத்னான் வூடுதானம்மா? ஆபீஸ் மேனேஜர் மாரியப்பன் பேசுறேன். பயந்துக்காதீங்க. கேட்ல பைய செக் பண்ணிகினு இருந்தாங்க. டைரில இன்னாத்தையோ எழுதி வெச்சிகீறான். ஸ்டேஷனுக்கு இட்டுகினு போய்ட்டாங்க. கேட்டா கேமுன்றான். பெரியவர உடனே வரச் சொல்லுங்க."

தஹ்சீன் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

எழுதியது வரிக்கு வரி ஞாபகம் இருந்தது. *வடக்கு கேட்டில் இரண்டு பேர். ஒருவன் ஏழு விநாடிக்கு ஒரு தரம் திரும்புகிறான். முதுகு காட்டும்போது கடந்துவிடலாம். சுடக் கூடாது. கிரேன் மேல் ஒருவன். மூன்றாவது பெர்த்தில் எண்ணெய்த் தொட்டி. அது வெடித்தால் எல்லோரும் அந்தப் பக்கம் ஓடுவார்கள்.*

போதாததற்கு எதிர்ப் பக்கத்தில் ஏஜென்சிக்காரர்களே அச்சடித்துக் கொடுத்த சென்னைத் துறைமுகத்தின் படம். கப்பல் நிற்கும் இடங்களுக்கெல்லாம் பெர்த் பெர்த்தாக நம்பர் போட்டு, அழகாக. முதல் பக்கத்தில் அத்னான் பெயர். தஹ்சீன் ஒரு நிமிஷம் போலீஸ்காரராக இருந்து யோசித்துப் பார்த்தாள். அவளே அவனைக் கைது செய்திருப்பாள்.

அத்தாவுல்லா சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டில் எடைமேடை பார்க்கிறவர். ஃபோன் போன முக்கால் மணி நேரத்தில் ஆட்டோவில் வந்து இறங்கினார். சட்டையெல்லாம் துரு. வாசலிலேயே தஹ்சீன் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். இரண்டு வருஷம் கட்டிக்காத்த ரகசியம் இரண்டு நிமிஷத்தில் முடிந்துபோனது.

அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"ஒனக்கும் தெரியும்" என்றார் மனைவியைப் பார்த்து. காத்தூன் பீவி முந்தானையைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"சரி. பொஸ்தகத்துல அத்னான் பேருதான கீது? அத்தையே காட்டுவோம். அவன்தான் எழுதினான். ஒம் பேரு வெளிய வரக்கூடாது. ஞாயித்துக்கெழம மண்ணடிலேர்ந்து மாப்ள வூட்டுக்காரங்க வந்து ஒன்ன பாத்துட்டுப் போய்கீறாங்க. இன்னும் பதில் சொல்லல. இப்ப போயி பொண்ணு ஸ்டேஷன்ல கீதுன்னா?"

"அண்ணன் அந்த கேம ஆடினதே இல்ல வாப்பா. ஒரு கேள்வி கேட்டாலும் மாட்டிக்கும்."

அத்தாவுல்லா கண்ணை மூடித் திறந்தார். எந்தத் தட்டில் எதை வைத்தாலும் ஏதாவது ஒரு பக்கம் இறங்கத்தான் செய்யும் என்று எடைமேடைக்காரருக்குத் தெரியாதா?

"நீயும் வா. ஆனா வாயத் தொறக்காத. நான் கேட்டா காதுல சொல்லு."

பதினான்கு புத்தகங்களையும் கேம் வந்த டப்பாவையும் ஒரு துணிப்பையில் போட்டுக்கொண்டு அவள் கிளம்பினாள்.

ஸ்டேஷனில் அத்னான் பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். யாரும் கை வைத்ததாகத் தெரியவில்லை. பெல்ட்டைக் கழற்றி வாங்கியிருந்தார்கள், அவ்வளவுதான். ஆனால் காலையில் பவுடர் போட்டு, சென்ட் அடித்துக்கொண்டு போனவன் முகம் இல்லை அது. தங்கையைப் பார்த்ததும் அதில் முதலில் வந்தது நிம்மதி. அடுத்து வந்தது கோபம்.

இன்ஸ்பெக்டர் தவசிமுத்து தெற்கத்திக்காரர். அதட்டிப் பேசாதவர். அவர் மேசை மேல் டைரி திறந்து கிடந்தது.

"ஒங்க பையன் பத்திரிகையில எழுதுறவருன்னு சொல்றார். அந்தப் பத்திரிகை ஆபீசுக்கு ஃபோன் போட்டேன் ஐயா. 'அத்னானா? தபால்ல எழுதுவார், ஆளை நாங்க பார்த்ததே இல்ல, எங்களுக்கும் அவருக்கும் வேற ஒரு சம்பந்தமும் இல்ல'ன்னுட்டாங்க."

இரண்டு வருஷமாக 'அன்புமிக்க அத்னான் சார்' என்று கடிதம் போட்ட ஆசிரியர்! தஹ்சீன் துணிப்பையை வாப்பாவிடம் நீட்டினாள்.

அத்தாவுல்லா புத்தகங்களை எடுத்து மேசை மேல் அடுக்கினார். "பாருங்க சார். எல்லாத்துலயும் பையன் பேருதான். வெளாட்டுப் பசங்க சமாச்சாரம். வெளாடிகினே எழுதி வெச்சிகீறான்."

தவசிமுத்து கடைசிப் புத்தகத்தைப் புரட்டினார். நாலரை நட்சத்திரம் போட்டு, 'கிரே ஹார்பர்: மிரட்டும் போர்க்களம்' என்று தலைப்பு. ஒரே பக்கம்தான். படித்தார். பிறகு டைரியை எடுத்துத் தன் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டார்.

"நீங்க எழுதினதுதானே தம்பி? சொல்லுங்க. வடக்கு கேட்டை எப்படித் தாண்டணும்?"

அத்னான் எழுந்து நின்றான். "சுட்டுகினே போவணும் சார். ரெண்டு பேரையும் போட்டுட்டு..."

"சுடக் கூடாதுன்னு நீங்களே எழுதியிருக்கீங்க. அடியில கோடு வேற போட்டிருக்கீங்க."

"ஆமா சார். சுடக் கூடாது. மறந்துட்டேன்."

"ஏன் சுடக் கூடாது?"

அத்னான் தங்கையைப் பார்த்தான். இன்ஸ்பெக்டரும் அதே திசையில் பார்த்தார். அத்தாவுல்லா தன் காதைத் தடவிக்கொண்டார். ஆனால் அவளிடம் கேட்கவில்லை. அந்த அறையில் காதோடு பேச எங்கே இடம்?

"சரி, அதை விடுங்க. இந்த வெளாட்டுல கொறைன்னா என்ன?"

"கொற ஒன்னும் இல்ல சார். சூப்பர் கேமு."

"கொறைகள்னு தலைப்பு போட்டு ரெண்டு பக்கம் எழுதியிருக்கே."

அத்னான் மறுபடியும் தங்கை பக்கம் பார்த்தான். இவ்வளவு நாள் ஆபீஸில் நாலு பேருக்குக் காட்டினானே, ஒரு தடவையாவது முழுசாகப் படித்திருக்கக் கூடாதா? நட்சத்திரத்தை எண்ணிப் பார்த்ததோடு சரி.

தவசிமுத்து டைரியை மூடினார். குரல் மாறவில்லை, ஆனால் முகம் மாறிவிட்டது. "ஐயா, கேமுன்னு சொன்னதும் நானும் பாதி நம்பிட்டுதான் இருந்தேன். இப்ப பாதி நம்பிக்கையும் போச்சு. எழுதினவனுக்கே தெரியாம ஒரு வெளாட்டு இருக்குமா? இது ஹார்பர் விஷயம். நான் மேல அனுப்பித்தான் ஆகணும்."

மேலே என்றால் எங்கே என்று அவர் சொல்லவில்லை. யாரும் கேட்கவும் இல்லை. போனவர்கள் திரும்பிவர எத்தனை வருஷம் ஆனது என்று வண்ணாரப்பேட்டையிலும் ராயபுரத்திலும் சில வீடுகளில் விரல்விட்டு எண்ணிச் சொல்வார்கள்.

"சுட்டா சைரன் அடிக்கும் சார்" என்றாள் தஹ்சீன்.

"தஹ்சீன்!" என்றார் அத்தாவுல்லா.

"சைரன் அடிச்சா ஆளு வந்துகினே இருப்பான். எத்தினி பேர சுட்டாலும் தீராது. குடோனுக்குப் பக்கத்துல கண்ணுக்குத் தெரியாத ஒரு கோடு கீது. அத நாம தாண்டுற வரைக்கும் வருவான். தாண்டிட்டா டக்குனு நின்னுடும். அதனாலதான் சுடக் கூடாதுன்னு எழுதினேன். மூணாம் பக்கம், மேலேர்ந்து அஞ்சாவது வரி."

தவசிமுத்து டைரியைத் திறந்தார். மூன்றாம் பக்கம். ஐந்தாவது வரி.

"நீயா எழுதினது?"

"நான்தான் சார். பேருதான் அண்ணனோடது."

ஓரமாக நின்ற கான்ஸ்டபிள் ராஜாத்தி ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள். தஹ்சீன் உட்காரவில்லை.

"அப்ப நல்லது கெட்டது ரெண்டையும் நீயே சொல்லு" என்றார் இன்ஸ்பெக்டர், டைரியைத் தன் மார்புப் பக்கம் சாய்த்துப் பிடித்துக்கொண்டு. பரீட்சைக்கு விடைத்தாளும் அவள் எழுதியதுதான்.

முதலில் மெல்லத்தான் ஆரம்பித்தாள். பிறகு வேகம் பிடித்தது. இரண்டு வருஷமாக ஒருவரிடமும் வாய்விட்டுப் பேசாத விஷயம் அது.

"நல்லதுன்னா சத்தம் சார். ஒவ்வொரு துப்பாக்கிக்கும் ஒவ்வொரு சத்தம். தகரக் கொட்டாய்ல நின்னு சுட்டா ஒரு மாதிரி, தண்ணிக்குப் பக்கத்துல சுட்டா வேற மாதிரி. கண்ண மூடிகினே எங்க நிக்கிறோம்னு சொல்லிடலாம். அப்பறம் கடல். சாயங்காலம் எண்ணெ மெதக்குற தண்ணில வெளிச்சம் விழும் பாருங்க, அசல் காசிமேடுதான். கூட வர்ற சிப்பாய்ங்க பொம்ம மாதிரி நிக்க மாட்டாங்க. மறைஞ்சிக்குவாங்க, 'எடப்பக்கம் பாரு'ன்னு நமக்குச் சொல்லுவாங்க. ஒரு எடத்துல அடிபட்டவன ஒருத்தன தோள்ல தூக்கிகினு நடக்கணும். ரெண்டு கையும் அவன்மேல. சுட முடியாது. மூச்சு வாங்கும். அங்க எனக்கு நெஜமாவே கை வேர்த்துப்போச்சு. அந்த எடத்த செஞ்சவன் பெரிய ஆளு சார்."

தவசிமுத்து பக்கத்தைத் திருப்பினார். சரியாக இருந்தது போலிருக்கிறது.

"கொறை?"

"கத ஆறு மணி நேரத்துல முடிஞ்சிடும். குண்டு பட்டா செவுத்துக்குப் பின்னால அஞ்சு விநாடி குந்திகினா போதும், ரத்தம் மறைஞ்சிடும். அப்பறம் எதுக்கு பயப்படணும்? கூட வர்றவங்க கதைக்கு ஓணும்னாதான் சாவாங்க. மத்தபடி பீரங்கியால அடிச்சாலும் எழுந்துப்பாங்க. வந்த வழியே திரும்பிப் போவ முடியாது. ரெண்டு தெரு பின்னால போனா 'ஓடிப்போனவன்'னு எழுத்து வந்து ஆட்டத்தையே முடிச்சிடும்."

"எங்க டிபார்ட்மென்ட்டும் அப்படித்தான்" என்றார் அவர். ராஜாத்தி சிரிப்பை அடக்கிக்கொண்டாள். ஒரு நொடி அறை லேசானது. அத்னான் மட்டும் தரையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அவ்வளவுதானா?"

தஹ்சீன் வாப்பாவைப் பார்த்தாள். அவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். முன்பின் தெரியாத பெண்ணைப் பார்ப்பது போல.

"இன்னும் கீது சார். அந்த ஊர்ல செவுரெல்லாம் அரபில எழுதியிருக்கும். நான் மதரசால ஓதினவ. படிக்கலாம்னு கிட்ட போனேன். ஒரு எழுத்தும் ஒட்டல. சேந்து நிக்க வேண்டியதெல்லாம் தனித்தனியா நிக்குது, அதுவும் தலைகீழா, வலப்பக்கத்துலேர்ந்து வர வேண்டியது எடப்பக்கத்துலேர்ந்து. அவ்ளோ கஷ்டப்பட்டு தண்ணிய வரைஞ்சவனுக்கு, எழுத்துத் தெரிஞ்ச ஒரு ஆளக் கேக்கத் தோணல. அப்பறம்..."

"சொல்லு."

"நாப்பத்தியொரு வூட்டுக் கதவ ஒடைச்சிகினு உள்ள போனேன் சார். எண்ணினேன். கம்பளம் கீது, டிவி கீது, துப்பாக்கி கீது. ஒரு வூட்லயாவது அடுப்பு இல்ல. அடுக்களையே இல்ல. பொம்பள இல்ல, கொழந்த இல்ல. அவங்களுக்கெல்லாம் யாரு சோறு ஆக்கினாங்க? சுட்டா விழுவாங்க. மூணே மூணு கொரல்தான் கத்துறதுக்கு. ஆயிரத்துச் சொச்சம் பேர் மூணு கொரல்ல சாவுறாங்க. அதுல தாடி வெச்ச ஒருத்தன் எங்க மாமு மாதிரியே இருப்பான். அவன மட்டும் எத்தினி தடவ சுட்டேன்னு எனக்கே தெரியாது."

டைரியில் அது அப்படியே இருந்தது. தவசிமுத்து விரலை வைத்துப் படித்துவிட்டு, அச்சான பக்கத்தை எடுத்து ஒப்பிட்டார். மேலும் கீழும் தேடினார்.

"இது புத்தகத்துல இல்லையே?"

"வெட்டிட்டாங்க சார். 'அத்னான் சார், அரசியல் வேண்டாம், விளையாட்டை விளையாட்டாக எழுதுங்கள்'னு கடுதாசி வந்துச்சு. நான் மூணு நட்சத்திரம்தான் போட்டேன். அவங்கதான் நாலரை ஆக்கினாங்க."

அவர் புத்தகத்தை மூடி டைரி மேல் வைத்தார். வெளியே ராஜாஜி சாலையில் லாரி ஒன்று விடாமல் ஹாரன் அடித்தது.

"வெட்டாம போட்டிருந்தா இந்தப் புத்தகமே ஒங்களுக்கு சாட்சி. ஒரு வார்த்தை கேட்டிருக்க மாட்டேன்" என்றார் கடைசியில். "சரிம்மா. நான் நம்புறேன். ஆனா என் நம்பிக்கைய ஃபைல்ல ஒட்ட முடியாது. இது எல்லாத்தையும் ஒன் கைப்பட எழுதிக் குடு. ஒம் பேரு, அப்பா பேரு, விலாசம், கையெழுத்து."

"பொண்ணு பேரு ஓணாம் சார்." அத்தாவுல்லா கைகூப்பினார். எடைமேடையில் எவனுக்கும் கைகூப்பாத மனுஷன். "கல்யாணம் பேசிகினு கீறோம். பையன் பேர்லயே எழுதிக்குங்க. அவன்தான் ஆம்பள. தாங்கிக்குவான்."

"பையன் பேர்ல எழுதினா பையனை நான் அனுப்பித்தான் ஆகணும் ஐயா. புரியுதா?"

அத்தாவுல்லா மகனைப் பார்த்தார். தங்கச்சி பேர் வேண்டாம் என்று அவன் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அவள் அப்போதும் எழுதித்தான் கொடுத்திருப்பாள், சந்தோஷமாக. அத்னான் நகத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னான்: "எழுதிக் குடுத்துடேன் தஹ்சீன். ஒன்னால வந்ததுதான?"

தஹ்சீன் பேனாவை வாங்கினாள்.

மூன்று பக்கம் எழுதினாள். நிறை, குறை, கேட், கிரேன், இல்லாத அடுப்பு, எல்லாம். ராஜாத்தி தோளுக்கு மேலே எட்டிப் பார்த்து, "இன்னா எழுத்தும்மா இது, அச்சு மாதிரி கீது" என்றாள். யாரும் வெட்டவில்லை. யாரும் நட்சத்திரம் கூட்டவில்லை. இரண்டு வருஷத்தில் முதல் தடவையாக அவள் எழுத்துக்குக் கீழே அவள் பெயர் இருந்தது. அது எந்தப் புத்தகத்திலும் வரப்போவதில்லை. ஸ்டேஷன் ஃபைலில், நூல் கட்டி, அலமாரிக்குள் போகும். அதை நினைத்தபோது அவளுக்கு அழுகை வந்தது. அந்த இடத்தில் அழக் கூடாது என்று அடக்கிக்கொண்டாள்.

அத்னானை மூன்று மணிக்கு அனுப்பிவிட்டார்கள். பெல்ட்டைக் கொடுத்தார்கள். டைரியைக் கொடுக்கவில்லை. ஹார்பர் பாஸையும் கொடுக்கவில்லை. விசாரணை முடியும்வரை அது பாஸ் ஆபீஸில் இருக்குமாம். எப்போது முடியும் என்று கேட்டதற்கு, "பாப்போம்" என்றார்கள்.

வாசலில் நின்றிருந்த மாரியப்பன் அத்னானின் தோளைத் தட்டினார். "ஆண்டவன் புண்ணியத்துல வந்துட்ட நைனா. ஒரு மாசம் வூட்ல ரெஸ்ட் எடு. ஒன் ஃபைலெல்லாம் வேற ஆள பாக்கச் சொல்லிகீறேன். பாஸ் வந்தப்பால பாத்துக்கலாம்."

ஒரு மாசம் ரெஸ்ட் என்று லிங்கிச் செட்டித் தெருவில் சொன்னால் என்ன அர்த்தம் என்று அத்னானுக்குத் தெரியும். அவனே இரண்டு பேரிடம் போய் அதைச் சொல்லிவிட்டு வந்திருக்கிறான்.

ஆட்டோ பிடித்து மூன்று பேரும் வீட்டுக்குக் கிளம்பினார்கள். கல்மண்டபம் வந்ததும் இறங்கும்போது அத்தாவுல்லா சொன்னார்: "நல்லாதான் பேசுன." பிறகு வேட்டியைச் சரிசெய்துகொண்டு, "பேசாம இருந்திருக்கலாம்" என்றார். பேசாமல் இருந்திருந்தால் மகன் வீட்டுக்கு வந்திருக்க மாட்டான் என்று அவருக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்தாலும் சொன்னார். தஹ்சீனுக்கு ஆத்திரமாக வந்தது.

"அவனக் கூட்டியாந்தது யாரு வாப்பா?" என்று கேட்டாள்.

அவர் காதில் விழாதது போல முன்னால் நடந்தார்.

வீட்டில் காத்தூன் பீவி மகனைக் கட்டிக்கொண்டு அழுதாள். ஆக்கி வைத்த சோற்றை யாரும் தொடவில்லை. அத்னான் சட்டையைக்கூடக் கழற்றாமல் கம்ப்யூட்டர் முன்னால் போய் உட்கார்ந்தான். துணிப்பையிலிருந்து கேம் டப்பாவை எடுத்தான். குறுந்தட்டை உள்ளே தள்ளினான்.

அவன் வாங்கிய கம்ப்யூட்டர். அவன் பெயரில் வந்த விளையாட்டு. இன்றைக்குத்தான் முதல் தடவையாக ஆடுகிறான்.

பொழுது சாய்ந்து மஃரிப் பாங்கு சொல்லும்வரை ஆடினான். மற்ற இடமெல்லாம் எப்படியோ விழுந்து எழுந்து கடந்தான். வடக்கு கேட்டில் வந்து நின்றுபோனது. போனான், சுட்டான், சைரன் அடித்தது, செத்தான். மறுபடி போனான். செத்தான். திரை சிவந்து சிவந்து அணைந்தது. பத்துத் தடவை, பன்னிரண்டு தடவை. கேட்டில் நின்ற இரண்டு பேரும் அத்னானை உள்ளே விடவேயில்லை.

தஹ்சீன் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். ஏழு விநாடி என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். வாய் வரைக்கும் வந்தது.

"ஒன் வெளாட்டுல நான் செத்தேன்" என்றான் அத்னான், திரும்பிப் பார்க்காமல். "என் சோத்துல மண்ண அள்ளிப் போட்டுட்ட."

வாய் வரைக்கும் வந்ததை அவள் விழுங்கிவிட்டாள். நீ என் பெயரை இரண்டு வருஷம் சாப்பிட்டாயே, அப்போது ருசியாக இருந்ததா என்று கேட்க நினைத்தாள். அதையும் கேட்கவில்லை. அவன் மறுபடியும் கேட்டுக்குப் போனான். சைரன் அடித்தது.

அதே நேரத்தில் ஃபோனும் அடித்தது.

காத்தூன் பீவிதான் எடுத்தாள். "அலைக்கும் ஸலாம்... நல்லா கீறோம்..." என்றவள் அப்படியே நின்றாள். ரிசீவரின் வாயைக் கையால் பொத்திக்கொண்டு கணவனைப் பார்த்தாள். முகம் வெளுத்திருந்தது.

"மண்ணடிலேர்ந்து சௌக்கத் அலி பாய். மாப்பிள்ளைக்குத் தாய்மாமன். இன்னிக்கு மத்தியானம் ஸ்டேஷன் வாசல்ல நம்ம புள்ளைய யாரோ பாத்தாங்களாம். அது தஹ்சீன்தானான்னு கேக்குறாரு."

அத்தாவுல்லா எழுந்தார். "இல்லன்னு சொல்லு. அது என் தங்கச்சி பொண்ணுன்னு சொல்லு. அங்க நம்ம பேரு கெட்டுப்போச்சுன்னா..."

அதற்குள் தஹ்சீன் கூடத்தைத் தாண்டி வந்துவிட்டாள். கையை நீட்டினாள்.

"குடுங்க உம்மா."

"வேணாம்டி."

"குடுங்க."

காத்தூன் பீவி ரிசீவரைக் கொடுத்தாள். அத்னான் விளையாட்டை நிறுத்திவிட்டு முதல் தடவையாகத் திரும்பிப் பார்த்தான். அத்தாவுல்லா ஓரடி முன்னால் வைத்தார்.

"அஸ்ஸலாமு அலைக்கும்" என்றாள் ரிசீவரில். "தஹ்சீன்தான் பேசுறேன்."